‘டக்’ என்னும் கிளவி: செல்ஃப் மோட்டார் மாற்றம் குறித்து ஓர் ஆய்வு

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எங்கள் தெருவில், அந்த விதி உடைந்தது. உடைத்தது பதினாறு வயதான என் கார்.

சாவியைத் திருப்பியதும் ‘டகடக’ என்று கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. சாலினாய்டு பிடிக்கிறது, மோட்டார் கரண்டை இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி பிடிக்கிறது. இதையே பிரித்து ஒற்றை ‘டக்’ ஆக்கினால் பொருள் போய்விடவில்லை, வேறு பொருள் பிறக்கிறது: சாலினாய்டு பிடித்தாயிற்று, மோட்டார்தான் சுற்றவில்லை. அப்போது ஹெட்லைட் மங்காமல் எரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். ‘வ்ர்ர்ர்’ என்று மூன்றாவது ஓர் ஒலியும் உண்டு. மோட்டார் தனியே சுற்றுகிறது, பினியன் ஃபிளைவீல் பல்லைப் பிடிக்கவில்லை. மெய்யெழுத்தில் தொடங்குவதால் அது தமிழ்ச் சொல்லே அல்ல. இவ்வாய்வு அதை ஏற்கவில்லை.

அன்று என் கார் சொன்னது ஒற்றை ‘டக்’. மூலபாடம் இப்படி ஓரெழுத்துக் குறையாமல் தெளிவாக இருந்தும், பானெட்டைத் திறந்த ஐந்தாம் நிமிடம் உரையாசிரியர்கள் கூடிவிட்டார்கள். மாடி வீட்டு மாமா பேட்டரி என்றார். பால் போட வந்த தம்பி ஃபியூஸ் என்றான். ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல், கிடந்த கட்டையை எடுத்து மோட்டார் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். “இப்ப அடிங்க தம்பி.” வண்டி எடுத்துவிட்டது. “கார்பன் பிரஷ் தேஞ்சு ஒட்டிக்குது. பிரஷ்ஷை மட்டும் மாத்துங்க, போதும்” என்று காபி குடிக்கப் போய்விட்டார். அதைச் சிறுபான்மை உரை என்று ஒதுக்கிவிட்டுப் புது மோட்டார் வாங்கினேன். ஆய்வென்றால் செலவு இருக்க வேண்டும்.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அதற்கு முன் ஹேண்டில்தான். அது எதிர்த்துச் சுழன்றால் கை முறியும். அம்பாசடருக்கு ஹேண்டில் போட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். செல்ஃப் பற்றி அவர்களிடம் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த ஞாயிறு களப்பணி. முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் கரண்ட் நிற்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் அன்றைக்கே தீபாவளி.

என் வண்டியில் மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட் புறத்திணை: ஊரறியத் தெரியும், சாக்கெட் போட்டால் வந்துவிடும். கீழ் போல்ட் அகத்திணை. வெளிப்படையாகச் சுட்ட முடியாது, கண்ணுக்குத் தெரியாது, மூன்று விரல்களால் உணர்ந்து அறிவதே. ஸ்பேனரை ஒரு தடவைக்குக் கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள தூரம்தான் திருப்ப இடம். எடு, போடு, திருப்பு; எடு, போடு, திருப்பு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிச் சுற்றில் என் 14 நம்பர் ஸ்பேனர் நழுவியது. ‘டங்’, ‘டங்’ என்று இரண்டு முறை கேட்டது. தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. குனிந்தும் படுத்தும் டார்ச் அடித்தும் தேடினேன், கிடைக்கவில்லை.

புது மோட்டாரை மாட்டத் தம் ஸ்பேனரைக் கொடுத்தவர் அதே பஸ் டிரைவர். ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைத் திருப்பினேன்; முதல் அடியிலேயே வண்டி எடுத்தது.

மறுநாள் பழைய மோட்டாரை ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையில் பிரித்துப் பார்த்தார்கள். ஆர்மேச்சர் நன்றாக இருந்தது, புஷ்ஷும் நன்றாக இருந்தது. தேய்ந்திருந்தது பிரஷ் மட்டும்தான். மாற்றிவிட்டார்கள். இப்போது மோட்டார் எங்கள் வீட்டுப் பரண்மேல் சும்மா கிடக்கிறது. வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது 14 நம்பர் ஸ்பேனர் ஒன்று கொண்டுவரவும்.