சொத்துரிமைக்குச் சுலப வழி

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபு வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. மார்கரெட் போஃபோர்ட் 1443இல் பிறந்தாள். வயது ஒன்று நிறைவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். நிலபுலன் ஏராளம். கருணை மிக்க அரசர் ஆறாம் ஹென்றி சில நாட்களிலேயே கார்டியன் நியமித்துவிட்டார். கார்டியனோ, பிறகு தன் மகனுக்கே அவளைக் கட்டிவைத்தார். சொத்து வெளியே போகக் கூடாதல்லவா? அரசர் மனம் மாறினார். 1453இல் கல்யாணம் ரத்து. 12 வயதில் அரசரின் தாய்வழித் தம்பி எட்மண்ட் டியூடருக்கு மனைவி. 13 வயதில் விதவை, மூன்று மாதத்துக்குள் தாய். நேரத்தை வீணடிக்காத சமூகம்!

பிள்ளைமேலும் அதே அக்கறை. ஐந்து வயதில் அவனுடைய கார்டியன் உரிமை 1000 பவுண்டுக்கு வில்லியம் ஹெர்பர்ட்டிடம் போனது. பெற்றவள் விருந்தாளியாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மனைவியின் நிலம் கணவன் கையில் என்பது சட்டம். பெண்ணுக்கு எதற்குக் கணக்குவழக்குத் தலைவலி? ஆனால் கணவர் தாமஸ் ஸ்டான்லி (இவர் நான்காமவர்) நலமாக இருக்கும்போதே, 1485இல் நாடாளுமன்றம் அறிவித்தது: மார்கரெட் தன் சொத்தைத் தானே ஆளலாம். 1000 பவுண்டுப் பையன் அந்த ஆண்டுதான் பாஸ்வொர்த் போரில் ஜெயித்து ஏழாம் ஹென்றி ஆகியிருந்தான்.

ஆக, கதவு எல்லாருக்கும் திறந்தேதான் இருந்தது. ஒரு மகனைப் பெற்று, போருக்கு அனுப்பி, முடிசூட்டிவிட்டு மனுவோடு வர வேண்டியதுதான். கூட்டமே இல்லை.