சின்னப் போன்காரர்

மதுக்கரை மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில், பாலக்காட்டுச் சாலையைப் பார்த்தபடி காலை வேளையில் நிற்கும் பெரியவர்களில் ஒருவராவது அவராக இருப்பார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, 1934 முதல் ஊருக்குச் சோறும் தூசியும் ஒருங்கே வழங்கிவந்த சிமெண்ட் ஆலையிலோ அதை அண்டிப் பிழைத்த லாரி ஆபீஸிலோ ஆயுளில் பாதியைக் கழித்து ஓய்வுபெற்ற தோரணை ஆகிய இவையெல்லாம் அவரை ஊகிக்க உதவுமே தவிர நிச்சயப்படுத்தமாட்டா. நிச்சயப்படுத்துவது அவருடைய சட்டைப் பை. பையின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும் கைப்பேசியை இடக்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிய நேர்ந்தாலும் அந்தக் கையை எடுக்காமல், "இத்தனை பெருசு வேணும்னு எவனுங்க கேட்டான்?" என்று யாரையும் குறிப்பிடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாக அவர் ஒரு வினாவை எழுப்புவார். அவர்தான் சின்னப் போன்காரர்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. போன் என்பது பேசுவதற்காக ஏற்பட்டது. பேசுகிற வஸ்து உள்ளங்கைக்கு அடங்கவேண்டும். விலை, ஒரு மாதத்துப் பென்ஷனில் பாதியைத் தொடக்கூடாது. இந்தச் சித்தாந்தத்துக்கு அவர் காட்டும் பிரமாணம், 2003-ஆம் வருஷம் வெளிவந்து உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றுப்போன நோக்கியா 1100. இரவில் திரீ பேஸ் கரண்ட் வந்தவுடன் மோட்டார் போடத் தோட்டத்துக்கு நடந்தபோது அதன் தலையிலிருந்த டார்ச் வெளிச்சம் வழிகாட்டியதையும், மோட்டார் ரூம் படியில் விழுந்து அது உடல் வேறு, மூடி வேறு, பேட்டரி வேறாகப் பிரிந்து கிடந்ததையும், மூன்றையும் பொறுக்கிச் சேர்த்தவுடன் ஒன்றுமே நடவாதது போல மைத்துனருடன் பேச்சைத் தொடர்ந்ததையும், கேட்பவர் முன்பே கேட்டிருக்கிறார் என்ற சந்தேகம் சிறிதுமின்றி, கேட்கும்போதெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லுவார்.

சரித்திர பலமும் அவர் கட்சிக்கு உண்டு. கோயமுத்தூர்க்காரன் எந்தப் பொருளைத் தொட்டாலும் அதைச் சிறிதாக்குவான், மலிவாக்குவான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 1941-இலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர் நம் ஜி. டி. நாயுடு அல்லவா? 1952-இல் இரண்டு பேர் உட்காரும் காரை 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டியவரும் அவரல்லவா? அரசாங்கம் லைசென்ஸ் தராததால் அந்தக் கார் உற்பத்தி நின்றுபோயிற்று என்ற பிற்பகுதியை அவர் பிரஸ்தாபிப்பதில்லை. மூத்தவர் மனத்தைப் புண்படுத்துவானேன் என்று நானும் நினைவூட்டுவதில்லை. கிரைண்டரின் சரித்திரமோ மறுக்கவே முடியாதது. 1955-இல் இதே ஊரில் பிறந்த அந்த யந்திரம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய ஸ்தூல சரீரத்தை விட்டு, இன்று சமையல் மேடையின் மூலையில் அடக்கமாக உட்கார்ந்து மாவரைக்கிறது. "கல்லையே சின்னதாக்கீட்டோமுங்க, கண்ணாடியைச் சின்னதாக்க முடியாதுங்களா?" என்று அவர் கேட்கும்போது பஸ் நிறுத்தத்தில் பதில் சொல்லக்கூடியவர் எவரும் இருப்பதில்லை.

அவர் பிரயத்தனம் செய்யாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 பிப்ரவரியில், நான்கு அங்குலத் திரையுள்ள ஸ்மார்ட்போன் 251 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வடக்கே ஒரு கம்பெனி அறிவித்தபோது, சின்னது, மலிவு என்னும் இரண்டு லட்சணங்களும் ஒருங்கே பொருந்திய அந்த அபூர்வப் பிறவிக்காக, அண்டை வீட்டுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெயரைப் பதிவு செய்ய முயன்ற லட்சோபலட்சம் பேரில் அவரும் ஒருவர். நாட்டில் அந்தப் போனைக் கையால் தொட்டவர்கள் வெகு சொற்பம். நம்மவர் அந்தச் சொற்பத்தில் சேரவில்லை. அடுத்த வருஷம் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோன் அவருக்கு மெத்தப் பிடித்திருந்தது. ஆனால் பித்தான்களை அழுத்தித் தமிழில் ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள், எழுத நினைத்த விஷயமே ஆறிப்போய்விடுகிறது என்று அதைத் தம் மனைவியாரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த அம்மையார் எழுதுவதே இல்லையாகையால் அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

கிராஸ்கட் ரோடு கடையொன்றில் அவர் நுழைகிற காட்சியைப் பார்த்தாலொழிய அவரைப் பூரணமாக அறிந்துகொண்டதாகச் சொல்ல இயலாது.

"தம்பி, கைக்கு அடக்கமா, ஆறாயிரத்துக்குள்ள ஒண்ணு குடுங்க."

"ஆறரை இஞ்சுக்குக் கீழ இப்ப வர்றதே இல்லீங்கய்யா."

"அஞ்சு இஞ்சு?"

"ஐபோன்ல மினின்னு ஒண்ணு வந்துச்சுங்க. அஞ்சே முக்காலுக்கும் கம்மி. அதையும் நிறுத்தீட்டாங்க."

"அது என்ன விலைங்க?"

"வந்தப்ப அறுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரமுங்க."

சிறியது மலிவாகத்தான் இருக்கவேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்த அவர் முகத்தில், அந்த நிமிஷம் தோன்றும் பாவத்தை வர்ணிக்க எனக்குச் சக்தி போதாது. ஆனால் அவர் நியாயஸ்தர். அரைக் குதிரைச் சக்தி மோட்டாருக்கு மெல்லிய கம்பி சுற்றுவது, பெரிய மோட்டாருக்குச் சுற்றுவதைவிடக் கண்ணையும் விரலையும் அதிகமாகச் சோதிக்கும் என்பது இந்த ஊர்க்காரருக்கு யாரும் போதிக்கவேண்டிய சங்கதியல்ல. காமிரா, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பெரிய கூட்டில் பரத்தி வைப்பது சுலபம். சின்னக் கூட்டில் திணிப்பதற்குக் கூலி கூடும், திணித்த பிறகும் பேட்டரி இளைத்துத்தான் போகும். ஆப்பிள் கம்பெனியார் 2020-இல் 5.4 அங்குல மினியை வெளியிட்டு, 2021-இல் இன்னொரு முறையும் முயன்று பார்த்து, 2022-இல் அந்த ஸ்தானத்தில் 6.7 அங்குலத்துப் பிளஸ் ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சின்னப் போன் வேண்டும் என்று உலகமெங்கும் கோஷமிட்டவர்கள், விற்பனைக்கு வந்தபோது பெரியதையே தூக்கிக்கொண்டு போனதுதான் அதன் ரகசியம். 2011-இல் சாம்சங்கின் 5.3 அங்குல நோட்டைக் கண்டு, இதைக் காதில் வைத்துப் பேசுகிறவனும் ஒருவன் உண்டா என்று சிரித்தவர்களும் ஏறக்குறைய இவர்களேதாம்.

நம்மவரும் அந்த ஜாதியே. கடைப் பையன் வாதாடுவதில்லை, தொழில் தெரிந்தவன். ஒரு பெரிய போனை எடுத்து, எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டி, தினத்தந்தியின் ஒரு பக்கத்தைத் திறந்து, மௌனமாக அவர் முன்னே நீட்டுகிறான். மூக்குக் கண்ணாடிக்காகப் பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிடுகிறது. கண்ணாடி இல்லாமலே தலைப்பு தெரிகிறது. தலைப்பென்ன, கீழே பொடி எழுத்தும் தெரிகிறது! அப்புறம் பையன் வீடியோ ஒன்றைப் போடுகிறான். மதுக்கரை வனத்தை அடுத்த ரயில் பாதையில் யானைகளைக் கண்காணிக்கக் காமிராக்கள் வைத்த நாள் முதலாக, யானை இறங்கிய காட்சி என்று ஏதாவதொன்று அவருடைய உறவுக் கூட்டத்தார் வாட்ஸப்பில் வந்தவண்ணம் இருக்கிறது. பழைய சின்னத் திரையில் அது யானையா, இருட்டில் அவிழ்த்துவிட்ட எருமையா என்பது குடும்பத்துக்குள் தீராத தகராறு. இங்கே தந்தம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. "இதவிடச் சின்னது இல்லீங்களா?" என்று அவர் மறுபடியும் கேட்கிறார், கேட்டுக்கொண்டே போனைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பையன் பில் புஸ்தகத்தை எடுக்கிறான்.

வாங்கியதோடு விஷயம் தீர்ந்துவிடாது. அத்தனை பணம் போட்டு வாங்கியதற்குப் பாதுகாப்பு வேண்டாமா? முகத்துக்குக் கண்ணாடி, முதுகுக்கு ரப்பர், அதற்கும் மேலே புஸ்தகம் போல மூடித் திறக்கும் ரெக்ஸின் உறை. அந்த உறையின் உட்பைகளில் மருதமலை முருகன் படம், ஆதார் கார்டின் நகல், பேரனின் போட்டோ, நாலாக மடித்த மருந்துச் சீட்டு, அவசரத்துக்கு ஒரு நூறு ரூபாய் ஆகியவை சில நாட்களுக்குள் குடியேறி, கம்பெனிக்காரன் அரும்பாடுபட்டு மெலியச் செய்த யந்திரம் அரை அங்குலம் பருத்துவிடுகிறது. மளிகைக் கடையில் க்யூஆர் அட்டையைப் பார்த்துப் பணம் அனுப்ப இது, ஆனால் பேசுவதற்கு? பேசுவதற்கு வேறொரு பித்தான் போன் இடுப்பு வேட்டி மடிப்பில் இருக்கிறது. கைக்கு அடக்கமான ஒன்று வேண்டும் என்று புறப்பட்ட மனிதர் இப்படியாக இரண்டைச் சுமந்து திரிகிறார். இரண்டுக்கும் தனித்தனியே ரீசார்ஜ் செய்கிறார். "நீங்க எங்கிருக்கீங்க அப்புச்சி?" என்று பேரன் பெரிய போனில் முகம் காட்டிக் கேட்கும்போது இடுப்பிலிருப்பதும் சேர்ந்து ஒலிக்கும், எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்திவிடுவார்.

சென்ற தீபாவளிக்கு அவர் சட்டை தைக்கக் கொடுத்த சமயம் நானும் அந்தத் தையல் கடையில் இருந்தேன். எட்டிப்பார்க்கும் போனைத் தையற்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பையை ரெண்டு இஞ்சு எறக்கி வெச்சுத் தைச்சுடட்டுங்களாய்யா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"வேண்டாமுங்க, பழைய அளவே இருக்கட்டும்" என்றார் நம்மவர். "அடுத்தது சின்னதாத்தானுங்க வாங்கப்போறேன்."