டேங்க்கில் குற்றவாளி, கார்புரேட்டருக்குத் தண்டனை

கேள்வி: அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி பதினான்கு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு, அஞ்சு லிட்டர் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆனதும் தெருவே கைதட்டியது. மூன்றாவது நிமிஷம் நின்றதுதான், இன்றுவரை உயிர் வரவில்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தாராளமாக மாற்றுங்கள். அடுத்த மாதம் இன்னொன்றும் மாற்ற வேண்டிவரும், அதற்கும் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். டேங்க்கைக் கழுவாதவரை இந்தச் செலவு நிற்காது.

அத்தனை வருஷம் கிடந்த பெட்ரோலில் ஆவியாகக்கூடியதெல்லாம் எப்போதோ பறந்துபோயிருக்கும். மிஞ்சியது காற்றுபட்டுப் பிசினாகி டேங்க்கின் அடியிலும் குழாயின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் இறங்கிய இடத்தில் ஈரக்காற்று புகுந்து தகட்டைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். இரண்டும் பாட்டுக்குச் சும்மா கிடந்தன. நீங்கள் ஊற்றிய புதுப் பெட்ரோல் பிசினைக் கரைத்தது, துருவைக் கிளப்பியது. பம்பு அதை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பிவிட்டது. சோலெக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள், மேலே ஓர் எண் பொறித்திருக்கும். 125 என்றால் ஓட்டை 1.25 மில்லிமீட்டர், 50 என்றால் அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் ஓட்டையை அடைக்க ஒரு துகள் துரு போதும்.

இப்போதைக்கு செல்ஃபைத் தொடாதீர்கள். கார்புரேட்டரைப் பிரித்து சுத்தம் செய்யுங்கள். டேங்க்கிலிருந்து வரும் லைனைக் கழற்றி அடைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் நல்ல பெட்ரோல் கொஞ்சம் நிரப்பி, பானட்டுக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டி, குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல டியூபில் நேராகக் கார்புரேட்டருக்கு விடுங்கள். பாட்டில் சைலன்சர் குழாய்ப் பக்கம் சாயக் கூடாது. வண்டி சீராக ஓடினால் கார்புரேட்டர் நிரபராதி. விசாரணையை டிக்கிப் பக்கம் திருப்புங்கள்.

கேள்வி: பழைய பெட்ரோல் கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மூடியைத் திறந்து தள்ளி நின்று மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வராமல் வார்னிஷ் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தால் கெட்டுவிட்டது. உள்ளே வெளிச்சம் காட்ட டார்ச் போதும். தீப்பெட்டி எடுத்த புண்ணியவான்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

கேள்வி: டேங்க் கழுவ பாத்ரூம் ஆசிட்தான் கண்கண்ட மருந்து என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. ஊற்றலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: மாமா பாத்ரூமைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்னும், பசி தீராவிட்டால் தகட்டையும் தின்னும். கழுவி வைத்த சில மணி நேரத்திலேயே புதுத்துரு பூக்கும்.

டேங்க்கை வண்டியிலிருந்து இறக்குங்கள். வண்டியில் வைத்தபடியே கழுவுவது சட்டையோடு குளிக்கிற வேலை. பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில் தகர டின்னில் வடியுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட் யூனிட்டைக் கழற்றி பத்திரப்படுத்துங்கள். சோப்புத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி ஆவி போனபின், ஒரு பிடி நட்டு-போல்ட்டைப் போட்டுக் குலுக்க வேண்டும். கை வலிக்கும். அதனால் டேங்க்கைப் பழைய மெத்தையில் சுற்றி கான்கிரீட் மிக்சரில் கட்டிச் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. அது அருமையான ஐடியா, மேஸ்திரி சம்மதித்தால். உள்ளே எத்தனை நட்டு போட்டீர்களோ அத்தனையையும் எண்ணி வெளியே எடுங்கள். ஒன்று தங்கினாலும் ஒவ்வொரு வளைவிலும் கடகடவென்று உங்களைக் கூப்பிடும்.

பிறகு வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து நிரப்பி ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் காபி டிகாக்ஷன் நிறத்தில் வெளியே வரும், பயப்பட வேண்டாம், அதுதான் துரு. ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, சுத்தத் தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெய் விட்டு உள்சுவரெல்லாம் படும்படி உருட்டுங்கள். வண்டியில் ஏற்றும் முன் பெட்ரோலால் அலசிவிடலாம். உள்ளே பூசுகிற கோட்டிங் என் கட்சி அல்ல. அடியில் துரு மிச்சமிருந்தால் கோட்டிங் உரிந்து, பழைய வியாதி புது உடையில் வரும்.

கேள்வி: டேங்க்கில் ஊசி முனை ஓட்டை. காலி டேங்க்தானே, கேஸ் வெல்டிங் வைக்கலாமே? (ஈரோடு வாசகர்)

பதில்: காலி என்பதுதான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தாலே வெடிக்கும், நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்கில்தான் அந்தக் கலவை எளிதில் அமையும். இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள். அவர்கள் ஆவியை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் நெருப்பை எடுப்பார்கள். வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அதிசயம்! ஒரு சொட்டு ஆயில் ஊற்றாமலே டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கிறது. அதிர்ஷ்டம்தானே? (சிவகாசி வாசகர்)

பதில்: டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாபரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தாங்காது. டயாபரம் மாற்றி, ஆயில் முழுவதையும் வடித்துப் புதிது ஊற்றும்வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

கேள்வி: ஜெட் அடைப்பைத் தையல் ஊசியால் எடுத்தேன். இப்போது புகை கறுப்பாக வருகிறதே? (மதுரை வாசகர்)

பதில்: ஜெட் மிருதுவான பித்தளை, ஊசி எஃகு. நீங்கள் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டீர்கள், வண்டி இப்போது கூடுதலாகக் குடிக்கிறது. புது ஜெட் வாங்குங்கள். இனிமேல் கார்புரேட்டர் கிளீனரும் கம்ப்ரசர் காற்றும் மட்டுமே. கையோடு பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்றால் அதுவும் ஓட்டை.

கேள்வி: இரண்டு கிலோமீட்டர் ஓடும், நிற்கும். பத்து நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஓடும். வண்டிக்கும் வயதாகிவிட்டதா? (தென்காசி வாசகர்)

பதில்: அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்தால், காற்றுப் போகும் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று புகாவிட்டால் பம்பு எதை உறிஞ்சும்? துளையைச் சுத்தம் செய்யக் காசு செலவில்லை. அதனால்தான் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

கேள்வி: பங்கில் இப்போது இ-20 பெட்ரோல். என் அம்பாசடர் தாங்குமா? (சேலம் வாசகர்)

பதில்: எஞ்சின் ஓடும். தாங்காதது ரப்பர். 20 சதவீத எத்தனாலை அந்தக் காலத்து ஹோஸ், வாஷர், டயாபரம் எதுவும் கனவிலும் கண்டதில்லை. சில உப்பும், சில பிசுபிசுக்கும், சில வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கி, நீங்கள் சிரமப்பட்டு எடுத்த துருவைத் திரும்ப அழைத்துவரும். ஆகவே எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பழையது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். லைனில் உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று போடுங்கள். முதல் சில வாரம் அதில் துரு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் டேங்க் வேலை பாக்கி.

வேலை முடிந்த கையோடு பைபாஸ் ஏற வேண்டாம். ஊருக்குள்ளேயே ஓட்டி, ஒவ்வொரு ரவுண்டிலும் பானட்டைத் திறந்து கிளாம்ப் எதிலாவது ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே சூடான சைலன்சர் குழாய் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் வைக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.