பெரியம்மா கோட்பாடு: டாக்டராகப் போகும் பிள்ளைக்குக் காலேஜ் தேடுதல் குறித்து ஓர் ஆய்வு

டாக்டருக்குப் படிக்க விரும்பும் பிள்ளை முதலில் எந்தக் காலேஜில் சேர வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? கல்வி அமைச்சு என்பர் ஒரு சாரார். பிள்ளை வாங்கிய மதிப்பெண் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியான வாரத்தில் ஸ்ரீ கெம்பாங்கான் வட்டார வரவேற்பறைகளில் முறுக்கும் தே தாரிக்கும் துணையாக நடத்திய கள ஆய்வில் தெரியவந்தது, முடிவு செய்பவர் பெரியம்மாதான். அவர் இல்லாத வீடுகளில் அந்தப் பதவியை மாமா வகிக்கிறார்.

ஆய்வுக்களம் பற்றிச் சிறு குறிப்பு. மலாயா அவசரகாலத்தில் சீனப் புதுக்கிராமமாக உருவானது இவ்வூர். ஒட்டினாற்போல், 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய யு.பி.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே 1996 முதல் மருத்துவமும் கற்பிக்கிறார்கள். 1992-இல் தோன்றிய தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம் ஐ.எம்.யு. புக்கிட் ஜாலிலில். செராஸ் பக்கம் போனால் யு.கே.எம். பல்கலைக்கழக மருத்துவமனை. இப்படிக் கூப்பிடு தூரத்தில் மருத்துவப் படிப்பு சூழ்ந்திருக்க, குடும்பக் கூட்டங்களில் பேச்சு மட்டும் கெடா, மலாக்கா, இந்தோனேசியா, ரஷ்யா என்றே போகிறது. காரணம் எளிது. பக்கத்தில் இருப்பதைப் பற்றி உறவினர் எவருக்கும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவத்துக்குப் போகும் வழி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், பிறகே மருத்துவம். நம் ஊரில் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஒரு முன்படிப்பு, அதை முடித்தால் நேராக மருத்துவம். அமெரிக்க முறையையும் இங்கே ஒருமுறை முயன்று பார்த்தார்கள். பெர்டானா பல்கலைக்கழகம் ஜான்ஸ் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பை 2011-இல் பக்கத்துச் செர்டாங்கில் தொடங்கியது. 2014-இல் அந்தக் கூட்டு முடிந்துபோனது. முடிவுக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். எனினும், "ஒரு டிகிரி முடிச்சிட்டு, அப்புறம் இன்னொரு நாலு வருஷமா? கல்யாணம் எப்ப?" என்ற பெரியம்மாவின் கணக்கை எந்த அமெரிக்கப் பேராசிரியரும் முன்கூட்டிக் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

இனி, சான்று மூலங்கள். இக்கூட்டங்களில் முன்வைக்கப்படும் கருத்துகள் எல்லாம் ஒரே ஆதாரத்தில் நிற்கின்றன. அதன் பெயர் 'அந்தப் பையன்'. அந்தப் பையன் அரசாங்க மெட்ரிகுலேஷனுக்கு எழுதிப்போட்டுக் கிடைக்காமல் போனான். அந்தப் பையன் ஆறாம் படிவம் போய் இளைத்துவிட்டான். அந்தப் பையன் பவுண்டேஷனில் சேர்ந்தான், இப்போது கிள்ளானில் கார் வாங்கிவிட்டான். ஆய்வாளர் எங்கு தேடியும் இவனை நேரில் காண முடியவில்லை. எல்லா வீடுகளிலும் பேசப்படுபவன் ஒருவனே என்ற ஐயம் மட்டும் வலுக்கிறது.

பதிவு செய்த ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன்.

"ஃபாரம் சிக்ஸே போகட்டும்க்கா. ஸ்கூல் பக்கத்துலதான், ஃபீஸும் பெருசா இல்ல."

"வேணாம் தங்கச்சி. அந்தப் பையன் மண்டை காஞ்சி போயிட்டான். பவுண்டேஷன்ல போடு, ஒரே வருஷம். ஃபீஸப் பார்த்தா டாக்டர் ஆக முடியுமா?"

இவ்வளவு நேரமும் பிள்ளையின் மடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. மாவட்ட அளவில் சிலம்பம், பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மாநில அளவில் பேச்சுப்போட்டி. அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் புள்ளிகளில் 90 விழுக்காடு படிப்புக்கு, மீதி 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்துக்கான தொடக்கம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. கூட்டத்தில் அதை ஒருவர் எடுத்தார், திறக்கவில்லை. முறுக்குத் தட்டுக்கு அடியில் வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. தமிழ் நாளேடுகள் ஆண்டுதோறும் அந்தப் பணியைச் செய்கின்றன. 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் 2024-இல் அறிவித்தார். அதன் பிறகு ஆய்வுக்களத்தில் மூண்ட பெரும் தத்துவ விவாதம், ஏ மைனஸும் ஏ-தானா என்பது. ஏ லெவலும் நல்ல பாதை, வசதி இருந்தால். வசதி இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

பவுண்டேஷனில்தான் பெரியம்மா கோட்பாடு சறுக்குகிறது. தனியார் பவுண்டேஷன் செர்டாங் ஸ்டேஷனில் வாங்கிய ஒருவழி டிக்கெட். பெரும்பாலும் அதை நடத்தும் பல்கலைக்கழகத்திலும் அதனோடு ஒப்பந்தமுள்ள சில இடங்களிலும்தான் செல்லும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு, யு.பி.யு. என்ற மையச் சேர்க்கை முறை வழியாக அதைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. அந்த ஒரே வருஷத்துக்குப் பிறகு நிற்பது, லட்சங்களில் எண்ணும் ஐந்தாண்டுக் கட்டணம். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம்.மோ உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்திலும் செல்லும், தனியாரிலும் செல்லும், வெளிநாட்டிலும் செல்லும். 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. முழுப் பாடத்தையும் கடைசி நாளில் ஒரே மூச்சில் எழுதிய காலம் போய்விட்டது. பெரியம்மாவின் அச்சம் அந்தப் பழைய காலத்தது. கடினமா என்றால் கடினம்தான். உயிரியலைக் கண்டு ஒன்றரை ஆண்டு பயப்படும் பிள்ளை அடுத்த ஐந்தாண்டு என்ன செய்யும் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டுப் பிரிவில் ஏஜெண்டு அங்கிள் வருகிறார். வண்ணத் தாளில் பனி பெய்யும் கட்டடம், சிரிக்கும் மாணவர்கள், கீழே அவரது கைப்பேசி எண். நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் படிக்கப்போன கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை மலேசியா 2005-இல் விலக்கிக்கொண்டபோது பெற்றோர் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. வண்ணத் தாளில் அங்கீகாரம் இருந்தால் போதாது. மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், இன்னுமொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது 'பி' என்ற விதியையும் அங்கிள் மெல்லிய எழுத்தில்தான் சொல்வார்.

டாக்டரானால் அரசாங்க வேலை நிச்சயம் என்ற துணைக்கோட்பாடும் களத்தில் உலவுகிறது. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-இல் அந்த ஒப்பந்த டாக்டர்கள் ஹர்த்தால் செய்தார்கள். இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆய்வின் தீர்ப்பு: மெட்ரிகுலேஷன் கிடைத்தால் மெட்ரிகுலேஷன், கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். எந்தக் காலேஜுக்கும் முன்பணம் கட்டுவதற்குள் மருத்துவ மன்றத்தின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்படியே அந்தக் கறுப்பு ஃபைலையும். பெரியம்மாக்கள் இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பையனை நேரில் அழைத்து வர வேண்டும்.