இளவேனிலில் மொட்டைமாடித் தோட்டம்: திண்டிவனத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வசந்தகாலத் தோட்டம் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி உருகும், மண் இளகும், அப்போது விதை போடு என்பார்கள். சித்திரையில் திண்டிவனத்தில் உருகுவது தார் ரோடு மட்டுமே. ஆனாலும் ஆய்வென்று இறங்கியபின் முன்னோரைக் கேட்காமல் இருக்கலாகாது. பெரும்பொழுது ஆறில் இளவேனில் சித்திரைக்கும் வைகாசிக்கும் உரியது. தொல்காப்பியர் வேனிலைப் பாலைத் திணைக்குக் கொடுத்தார். போதாதென்று நண்பகலையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் மே மாதப் பகலில் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறியவராக இருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. பழமொழியும் ஆடிப்பட்டத்தைத்தான் தேடச் சொல்கிறது.

ஊர்ப் பெயரும் ஆராயத்தக்கது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அந்தப் புளியமரங்களை யாரும் ஏ4 தாளில் வரைபடம் போட்டு நட்டதாகச் செய்தி இல்லை. அதைவிடச் சிக்கலானது டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து. ரயில்வேக்காரர்களுக்கு அது திண்டிவனம் ஸ்டேஷன். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அது ரகப் பெயர்: குடியாத்தம் பக்கத்து மல்லாட்டையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நாடெங்கும் விளைந்தது. (மணிலாக்கொட்டை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை ஆனது தனி ஆய்வுக்குரியது.) தாவர நோய் வல்லுநருக்கோ அது புகையிலைத் தேமல் வைரஸ். என் தக்காளிச் செடியின் இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்தபோது, நண்பர் ஒருவர் போட்டோவைப் பார்த்து "டி.எம்.வி.யா இருக்கும்" என்றார். ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷம் என்றேன்.

கள ஆய்வுக்கு வருவோம். பங்குனியில் பத்து க்ரோ பேக் வாங்கினேன். தென்னைநார்த் தூளும் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினேன். கிராஃப் தாளில் வடக்கே தக்காளி, கிழக்கே வெண்டை, தெற்கே கத்திரி, நடுவில் ரோஜா, மூலையில் நாற்காலி என்று வரைந்து, நாற்காலிக்கு மட்டும் வண்ணமும் தீட்டினேன். தக்காளி பூத்தது. வெயில் 35 டிகிரியைத் தாண்டியதும் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. மே 4 வாக்கில் கத்திரி பிறந்தது. நான் நட்ட கத்திரி இறந்தது. கறுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே வேருக்குப் பதில் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஆகியிருக்கும்.

இந்த வெயிலைத் தாங்கும் மரம் உண்டா என்று பார்க்க, எங்கள் மாவட்டத்துத் திருவக்கரைக்கும் போய் வந்தேன். அங்கே சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிறது. நீர் கேட்காது, ஆடு கடிக்காது, தேமல் வராது. எங்கள் மாவட்ட இளவேனிலுக்கு இதைவிடப் பொருத்தமான தாவரம் என் கண்ணில் படவில்லை. நாற்றுதான் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் கீழே கொல்லையில் ஒரு தோட்டம் இருக்கிறது. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் வாழை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கருவேப்பிலை. ஆட்டுக்கு மறிப்பாக அம்மா நட்டுவைத்த போத்து துளிர்த்து, இப்போது முருங்கைக்காய் சடைசடையாகத் தொங்குகிறது. வரைபடம் எங்கே என்று கேட்டேன். "இன்னாத்துக்குடா படம்? தண்ணி எங்க போவுதோ அங்க வைக்கிறது" என்றார். மேற்கோள் இல்லாத கருத்து என்பதால் ஆய்வில் சேர்ப்பதா என யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் விடிகாலையில் கூழோடு மாடிக்கே வந்துவிட்டார். "ஆறிப் போவுது, பையெல்லாம் ஓரமா தள்ளு. வேட்டி விரிக்கணும்."

இளவேனிலில் மொட்டைமாடியில் உறுதியாக விளையும் பயிர் கூழ்வடகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அரிசிமாவும் ஜவ்வரிசியும் பச்சைமிளகாயும் பெருங்காயமும் சேர்ந்த கூழைப் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். வரிசை பிசகக் கூடாது, இடைவெளி ஒரு விரற்கடை. நீர்ப்பாசனம் ஒரே முறைதான்: காய்ந்தபின் வேட்டியைக் கவிழ்த்து, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது. மூன்று வெயிலில் அறுவடை. மகசூல் இரண்டு தூக்குவாளி. தாக்கும் பூச்சி காக்கை ஒன்றே.

க்ரோ பேக்குகளும் வீண்போகவில்லை. நான்கு பைகள் காற்றுக்கு வேட்டி பறக்காமல் நான்கு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாவதில், காக்கையை விரட்ட, அப்பாவின் கறுப்புக் குடையை விரித்துக் காம்பை ஆழமாக நட்டிருக்கிறோம். இதுவரை வாடவில்லை.