துரு தாங்கி நிற்கும் டேங்க்

மோட்டார் சைக்கிளின் உறுப்புகளுள் உரிமையாளரால் நாள்தோறும் துணி கொண்டு துடைக்கப்படும் பேறு பெற்றது பெட்ரோல் டேங்க் ஒன்றே. ஆயினும் அத்துடைப்பு முழுவதும் வெளிப்புறத்துக்கே உரியது என்பதும், டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்தே அழிகிறது என்பதும், ஒரு நாள் காலையில் வண்டியின் அடியில் பெட்ரோல் வாடையுடன் ஓர் ஈரப்புள்ளி தோன்றும் வரை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகளாகவே உரிமையாளரின் மனத்தில் இருந்து வருகின்றன.

டேங்க் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துச் செய்யப்படும் கலம் ஆகும். அதைத் துருப்பிடிக்க வைப்பது பெட்ரோல் அன்று. பெட்ரோல் இல்லாத மேற்பகுதியை நிரப்பும் காற்றே. அக்காற்றிலுள்ள ஈரம் இரவில் குளிர்ந்து உட்சுவரில் துளிகளாகப் படிந்து, பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கதாகையால் அடியில் சென்று தங்கிவிடுகிறது. மூடியின் ரப்பர் வளையம் நைந்துபோன வண்டிகளில் மழைநீரும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தப்படும் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதால், அந்நீர் இடப்புறத் தாழ்மூலையில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, தகட்டை அணு அணுவாக அரித்து வருகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலோ ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நீர் ஓர் அளவைக் கடந்ததும் எத்தனாலும் நீரும் கூட்டாகப் பிரிந்து அடியில் படிந்துவிடும். எனவே, வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவர் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும் அல்லது முற்றிலும் காலி செய்துவிட வேண்டும் என்பது அறிந்தோர் கூற்று. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுவதையே வழக்கமாகக் கொண்ட மக்களிடம் இக்கூற்று எடுபடவில்லை.

துருவின் வருகையை முதலில் அறிவிப்பது கசிவன்று, ரிசர்வ். பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாயில் உயரம் வேறுபட்ட இரு வாய்கள் உண்டு. உயர்ந்த வாய் வழக்கமான ஓட்டத்துக்கும், அடியை ஒட்டிய தாழ்ந்த வாய் ரிசர்வுக்கும் உரியவை. ஆகவே மேலேயுள்ள பெட்ரோல் தீர்ந்து, உரிமையாளர் நடுச்சாலையில் குனிந்து திருகைத் திருப்பும் அந்த நொடியில், அடியில் சேர்ந்திருந்த நீரும் துருத்தூளும் ஒருங்கே புறப்பட்டுக் கார்புரேட்டரின் நுண்துளைகளைச் சென்றடைகின்றன. உதவிக்கென வைக்கப்பட்ட ஏற்பாடே வண்டியை நிறுத்திவிடும் இந்நிகழ்வுக்குப் பின், கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்படுகிறது. டேங்கோ வழக்கம்போல் வெளியே துடைக்கப்படுகிறது.

கசிவே தொடங்கிய பின்னரும் உரிமையாளர் அதை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. பம்பில் அளவு குறைத்துப் போட்டிருப்பார்கள், வெயிலில் ஆவியாகியிருக்கும், பக்கத்து வீட்டுப் பையன் உறிஞ்சி எடுத்திருப்பான் எனப் பல கொள்கைகள் இக்காலத்தில் முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் மூன்றாவது, அண்டை வீட்டாருடனான உறவைப் பொறுத்து நெடுநாள் நீடிப்பதும் உண்டு. ஓட்டை உள்ள இடமும் துளி விழும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இக்குழப்பத்தை வளர்க்கிறது. பெட்ரோல் பற்றவைப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, டேங்கின் அடிப்பள்ளத்தைக் கடந்து, தனக்கு உகந்த வேறொரு மூலையில் சொட்டும். அம்மூலை சூடான எஞ்சினுக்கு நேர் மேலே அமைந்துவிடுமாயின் கொள்கைகளுக்கு அதிக அவகாசம் கிடைக்காது.

சிகிச்சை முறைகளுள் காலத்தால் பழையது துணி துவைக்கும் பார் சோப்பு. சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை என்னும் வேதியியல் உண்மையின் அடிப்படையில் அமைந்த இம்முறை, ஊசித்துளை அளவுள்ள கசிவை வீடு வந்து சேரும் வரை அடைத்து வைக்கும். அடுத்த மழையில் நுரைத்து வெளியேறும். அதற்கு அடுத்த நிலையில் நிற்பது எம்-சீல், அதாவது பிசினும் இறுக்கியுமாகிய இரு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் எப்பாக்சிப் பசை. பெட்ரோல் முற்றிலும் வடிந்து, பெயின்ட் சுரண்டப்பட்டு, உலர்ந்த தகட்டின் மேல் பூசினால் அது பிடிக்கும். ஆனால் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு மறு கையால் அதைப் பிசைவதே நாட்டு வழக்கமாக இருப்பதால், பசை விரலில் பிடித்த அளவுக்குத் தகட்டில் பிடிப்பதில்லை.

இவ்விரண்டும் தோற்ற பின்னரே உட்புறத்தைச் சுத்தம் செய்யும் எண்ணம் பிறக்கிறது. துரு என்னும் பொருளின் உண்மை இயல்பும் அப்போதுதான் வெளிப்படுகிறது. டேங்கைக் கழற்றி, கைப்பிடியளவு நட்டு போல்ட்டுகளையோ பழைய செயின் துண்டையோ உள்ளே இட்டு, இருவர் எதிரெதிரே நின்று குலுக்குவது மரபு. (உள்ளே போன நட்டுகளைவிட வெளியே வந்தவை ஒன்று குறைவாக இருப்பதும், அந்த ஒன்று பின்னர் ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் இருப்பை அறிவிப்பதும் இம்மரபின் பகுதிகளே.) அதன்பின் துருவை இரும்பு பாஸ்பேட் படலமாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றப்பட வேண்டும், சிக்கனம் கருதுவோர் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகின்றனர். பின்னதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துரு எது, தகடு எது என்ற வேறுபாடு பாராட்டுவதில்லை. சோடா உப்பு நீரால் கழுவி உடனே உலர்த்தாவிடில், பளபளத்த இரும்பு சில மணி நேரத்துக்குள் மீண்டும் செம்மை பூத்து நிற்கும்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பலமடங்கு பெருகுகிறது. அவ்வாறு உப்பிய துருவே அரித்த இடங்களில் தக்கைபோல் அடைத்து நின்று, பெட்ரோலை இத்தனை காலம் உள்ளே வைத்திருந்தது. பகைவன் எனக் கருதித் துரத்தப்பட்டது காவலனாக இருந்ததைத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போதே உரிமையாளர் உணர்கிறார். ஒரு துளை இருந்த இடத்தில் இப்போது ஒன்பது துளைகள் ஒழுகுகின்றன. “தகடு பேப்பராயிடுச்சு சார், துருதான் தாங்கிட்டு இருந்துச்சு, அதையும் கழுவிட்டீங்க” என்று மெக்கானிக் கூறும் ஒற்றைத் தொடரில் உலோக அரிப்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடுத்த வாயில் வெல்டிங் பட்டறை. அங்கு டேங்கைத் தூக்கிக்கொண்டு நுழைபவரைக் கண்டதும் பட்டறைக்காரர் இரண்டடி பின்வாங்குவது கோழைத்தனம் அன்று. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் வெடிக்கும்; நிறைந்த டேங்கினுள் ஆவி மிகுதியும் காற்றுக் குறைவும் இருப்பதால் உள்ளே தீப்பற்றுவது அரிது, “காலிதாங்க, ஒரு சொட்டுகூட இல்லை” என்று உறுதியளிக்கப்படும் டேங்கிலோ அக்கலவை பொருத்தமான விகிதத்தில் காத்திருக்கிறது. எனவே விவரமறிந்த பட்டறைகளில் அதைப் பலமுறை சோப்புநீரால் கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் எஞ்சுமாறு தண்ணீரால் நிரப்பிய பின்னரே, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டுத் தகடு வைக்கின்றனர். உள்ளே எட்டிப் பார்க்கத் தீக்குச்சி உரசியவர்களின் அனுபவக் குறிப்புகள் எழுத்து வடிவில் கிடைப்பதில்லை.

பற்றவைப்பின் சூட்டில் பெயின்ட் கருகும். மற்ற வண்டிகளில் இது ஒரு செலவு மட்டுமே, புல்லட்டில் துக்கம். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கூட்டாகத் தொடங்கிய தொழிலின் திருவொற்றியூர் ஆலையில், டேங்கின் மேலுள்ள பொன்னிறக் கோடுகள் அளவுகோலின்றித் தூரிகையால் கையாலேயே வரையப்பட்டு வந்தன. எஞ்சின் முழுவதையும் மாற்றிய பின்னரும் “அதே வண்டி” என்று சொல்லிக்கொள்ளும் உரிமையாளர், டேங்கை மாற்றச் சொன்னால் மட்டும் வேறு வண்டி வாங்கச் சொன்னதாகக் கலங்குவதற்கு இக்கோடுகளே காரணம்.

கலங்கினாலும் இறுதியில் அவர் சென்றடைவது சென்னையின் புதுப்பேட்டையே. பிரித்துப் போடப்பட்ட வண்டிகளின் உறுப்புகள் தெருத்தெருவாகத் தொங்கும் அவ்விடத்தில், 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-க்கும் டேங்க் கிடைக்கும். “ஒரிஜினல் சார், கம்பெனி பெயின்ட்” என்ற சான்றிதழ் வாய்மொழியாக வழங்கப்படும். பெயின்ட்டின் ஈரம் விரலில் ஒட்டுவதைச் சுட்டிக்காட்டுவது அவை நாகரிகமன்று. கைப்பேசி வெளிச்சத்தை வாய்வழியே செலுத்தி உட்சுவரைப் பார்ப்பதே அறிவுடைமை. அங்கே தான் விட்டுவந்த அதே செந்நிறம் தன்னை வரவேற்பதைக் கண்டும் பேரம் பேசி வாங்குபவர்கள் உண்டு, நிறம் பொருந்தியதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பழைய டேங்க் சில ஆண்டுகள் பரணில் இருந்த பின் காயலான் கடைக்குப் போகிறது. நூறு கிராம் இரும்பு முழுவதும் ஆக்சிஜனை ஏற்றுத் துருவாக மாறினால் ஏறத்தாழ 143 கிராம் எடை வரும் என்பது வேதியியல் கணக்கு. அதன்படி துரு ஏறிய டேங்க் உரிமையாளருக்குச் சிறிது ஆதாயம் தந்திருக்க வேண்டும். கடைக்காரரோ டேங்கைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டித் துருவைக் கொட்டுகிறார், எம்-சீல் கட்டிகளுக்கென்று கால் கிலோ கழிக்கிறார், பின் உள்ளே ஏதோ உருளும் ஓசையைக் கேட்டு, அந்த நட்டை எடுத்துக் கொடுத்தால்தான் எடை போடுவேன் என்கிறார்.