நீதிபதி நகர்ந்தார், திரை வந்தது

கேள்வி: போர்க்குற்ற விசாரணை என்றால் சட்டம், சாட்சி, ஆவணம். அதில் கலைக்கும் அழகியலுக்கும் என்ன வேலை?
- வாசகி, தென்காசி

பதில்: 1945-ல் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் 600-ம் எண் அறையைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். அதை மாற்றியமைத்தவர் டான் கைலி. பிற்காலத்தில் தோட்ட வடிவமைப்பில் பெயர் வாங்கியவர். வழக்கமாக நீதிபதி வீற்றிருக்கும் நடுச்சுவரில் அவர் வைத்தது சினிமாத் திரை! நீதிபதிகள் பக்கவாட்டுக்குப் போனார்கள். (ஸ்டார் வந்தால் மற்றவர்கள் நகரத்தானே வேண்டும்?)

நவம்பர் 29. விளக்கை அணைத்து, வதைமுகாம்களில் எடுத்த படத்தை ஓட்டினார்கள். அந்தப் படத்தின் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். போருக்கு முன்பு ஃப்ரெட் அஸ்டேரை ஆடவைத்துப் படமெடுத்த அதே ஹாலிவுட்காரர்! அறை முழுக்க இருட்டு. குற்றவாளிக் கூண்டின் விளிம்பில் மட்டும் வெளிச்சம். படம் பார்க்கும் முகங்களைப் பார்ப்பதற்காகவே செய்த ஏற்பாடு. கூண்டில் இருந்த நாஜித் தலைவர் கோயரிங்கின் முகம்கூட அன்று ஒரு ஆவணம்தான்.

ஹிட்லரிடம் மந்திரியாக இருந்த ஷாக்ட் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவருக்கு விடுதலை கிடைத்தது. படம் பார்க்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சத்தியமாக!